சும்மா ஊர் சுற்றப் போகிறோம்

"நம்ம ஆளுக ரிட்டையர் ஆனவுடனே டூர் கெளம்பிடுறாய்ங்க. இயக்கத்துக்கு நூறு ரூவா கேட்டா கையை விரிக்கிறாய்ங்க. காசி, காஷ்மீர்னா மட்டும் பொட்டி ரெடியா இருக்கு."

கூட்டம் முடிந்து டீக்கடைக்கு ஒதுங்கினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பேசுகிறவர்கள் நல்ல தோழர்கள். சுவரொட்டி ஒட்டி, வழக்கு வாங்கி, ஜாமீன் கையெழுத்துப் போட்டு அலைகிறவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. இன்னும் சிலர் இதற்கு நடுத்தர வர்க்கமாதல், நுகர்வுக் கலாச்சாரம் என்றெல்லாம் பெயர் வைத்துக் கட்டுரையும் எழுதுகிறார்கள். இட ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன தலித், முப்பது வருசம் சம்பளம் வாங்கிய தலித், கடைசியில் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு மணாலியில் பனிக்கட்டியை அள்ளி போட்டோ எடுத்துக்கொள்கிறான். இதற்கா அம்பேத்கர் படிக்கச் சொன்னார் என்று கேட்கிறார்கள்.

இதற்கும்தான் சொன்னார் என்பது என் பதில். வேலை செய்து ஓய்ந்த கிழவனும் கிழவியும் காரணம் எதுவும் சொல்லாமல் கிளம்பி, நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு, திரும்பி வருகிற உரிமை விடுதலையின் ஒரு பங்கு. நிலம், கூலி, கல்வி, ஆட்சி அதிகாரம் என்று நாம் போடுகிற பட்டியலில் ஓய்வும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உழைப்பதற்கென்றே பிறந்த சாதி என்று ஆண்டை சொன்னதை நாமும் வேறு வார்த்தையில் ஒத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

*

நம் தெருக்களில் பயணம் என்ற சொல் புழங்கியதில்லை. சோலி என்ற சொல்தான் உண்டு. சோலி இருந்தால் போகலாம். இல்லாமல் ஒருத்தன் வெள்ளைச்சட்டை போட்டுக் கிளம்பினால் கேள்வி வரும்: "எங்கிட்டுடா கெளம்பிட்ட, வெள்ளையும் சொள்ளையுமா?" அந்தக் கேள்வியை ஊர்க்காரன் கேட்டால் அது கேள்வியில்லை, மிரட்டல். பண்ணையில் வேலை கிடக்கும்போது ஓர் ஆள் வண்டியேறிப் போவதென்றால் ஆண்டையின் களத்தில் ஒரு கை குறைகிறது. அதனால் போகிறவன் திருடனைப் போலத்தான் போகவேண்டும்.

நம் சீயான்மார் ஊர் பார்க்காதவர்கள் இல்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் சுற்றுவட்டாரத்து உறவுமுறைக்கெல்லாம் செய்தி கொண்டு ஓடியவர்கள் அவர்கள்தான். இழவு சொல்லப் போன கால்களுக்குத் தெரியாத வரப்பு கிடையாது. ஆனால் எந்த ஊரிலும் உட்கார்ந்ததில்லை. தெருமுனையில் நின்று செத்தவர் பெயரைச் சொல்லி, கொடுத்த சில்லறையைத் துண்டில் வாங்கி முடிந்துகொண்டு அடுத்த ஊருக்கு ஓட்டம். கண்ணால் ஊர் பார்த்தார்கள்; திண்ணையில் ஊர் அவர்களைப் பார்க்க விடவில்லை.

தூரதேசமும் போனார்கள். கண்டிச் சீமை, ரங்கூன், பினாங்கு என்று கங்காணி கூப்பிட்ட பக்கமெல்லாம் போனார்கள். இன்று ராமேஸ்வரம் போகிற சுற்றுலா வேன் மண்டபத்தைத் தாண்டித்தான் பாம்பன் பாலம் ஏறுகிறது. வேனில் இருப்பவர்கள் கடலைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். அந்த மண்டபத்தில்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை முகாமில் அடைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, கப்பலுக்கு அனுப்பினான் வெள்ளைக்காரன். அந்தக் கூலிகளில் பெரும்பகுதி யார் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு லட்சக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்ப முடிவு செய்தபோது, அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்தார்கள். போனதும் சோலிக்காக. வந்ததும் விரட்டியதற்காக. கடல் அழகாக இருக்கிறதா என்று நின்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

*

வண்டி என்பது எல்லாருக்கும் பொது, டிக்கெட் எடுத்தவன் உட்காரலாம் என்று இன்று மாணவத் தோழர்கள் இயல்பாக நினைக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்த இயல்பு ரத்தம் சிந்தி வந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் ராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பஸ்காரர்கள் தீண்டப்படாதவர்களை ஏற்ற மறுத்தார்கள். ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று ஜில்லா போர்டு தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்ட பிறகே கதவு திறந்தது. பஸ் என்ற இயந்திரம் நம் நாட்டுக்கு வந்தபோதே சாதியும் அதில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது.

அதெல்லாம் பழங்கதை என்கிறவர்களுக்கு 1997ஐ ஞாபகப்படுத்துகிறேன். விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். திருமங்கலத்தில் நின்றால் கையைக் காட்டி நிறுத்துகிற பஸ்தான். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் கால் வைக்கமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கல்வீச்சு, தீவைப்பு, கொலை. மற்ற சாதித் தலைவர்கள் பெயரில் பஸ் ஓடியபோது நாம் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போய் வந்தோம். நம் பெயர் வந்தவுடன் பஸ் தீட்டாகிவிட்டது. கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது? அதே ஆண்டு எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரைத் தாங்கமுடியாமல் ஒரு மாநிலமே பெயரில்லாமல் போனது.

அதே 1997, ஜூன் 30. மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசன் மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தி அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகல். டிக்கெட் எடுத்த பயணிகள். இந்த மதுரைச் சீமையில் நம்மவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்வதற்கே இவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம். அப்படியிருக்க ஒரு கிழவனும் கிழவியும் சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதை அற்பமான காரியம் என்று எப்படிச் சொல்வது?

*

அம்பேத்கரும் சுற்றுலா போனவர்தான். 1934இல் முப்பது பேர் சேர்ந்து எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். தீண்டப்படாதவன் சுற்றுலாப் பயணியாகப் போனால் வழியில் என்னென்ன தொல்லை வரும் என்று தெரிந்ததால், யார் என்பதை வெளியே சொல்லாமல் போவதென்று முடிவு செய்திருந்தார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசியும் வியர்வையுமாய் இறங்கியவர்கள் வாசலிலிருந்த குளத்தில் கைகால் முகம் கழுவினார்கள். அதற்குள் ஒரு கிழவர் ஓடிவந்து குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் போட்டார். அவர் முசல்மான். சாதி இந்துவின் நோய் அங்கேயும் தொற்றியிருந்தது. கூட்டம் கூடி வசைபாடியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடமாட்டோம் என்ற உறுதியின் பேரில், ஓர் ஆயுதக் காவலனைக் கூட அனுப்பிக் கோட்டையைக் காட்டினார்கள். கொலம்பியாவில் படித்தவர், லண்டனில் படித்தவர், வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தவர். அவர் சுற்றிப்பார்த்த கோட்டையில் தண்ணீருக்குக் காவல். இதை எழுதிவைத்த நூலுக்கு அவர் வைத்த பெயரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பொருளில்தான். சொந்த நாட்டுக்குள் பயணம் போக விசா கேட்டவர் அவர்.

இன்னொரு பயணம் நடக்கவே இல்லை. ரமாபாய்க்குப் பண்டரிபுரம் போகவேண்டும் என்று ஆசை. புருசனும் பெண்டாட்டியுமாய் ஒரு முறை போய்வரவேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாள் பெரிதாக எதையும் கேட்டதில்லை. வறுமையில் குடும்பம் நடத்தி, பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்து, புருசன் கடல் கடந்து படிக்கப் போன காலமெல்லாம் காத்துக் கிடந்தவர். தீண்டப்படாதவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துகிற பண்டரிபுரம் நமக்கு எதற்கு, நம் உழைப்பால் வேறொரு பண்டரிபுரம் உண்டாக்குவோம் என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பின் அரசியல் சரி. ஆனால் 1935 மே 27இல் ரமாபாய் செத்துப்போனார். பண்டரிபுரம் கோயில் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்தது 1947இல், சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகு. ஒரு தம்பதி சேர்ந்து போக நினைத்த ஒரே பயணத்தைச் சாதி தின்றுவிட்டது. நம் மேடைகளில் ரமாபாயின் தியாகத்தைப் பாடுகிறோம். அந்த அம்மாள் ஆசைப்பட்டதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

*

பத்திரிகைகளில் சில வருசங்களுக்கு முன் ஒரு தம்பதியைப் பற்றி நிறைய எழுதினார்கள். கொச்சியில் டீக்கடை வைத்திருந்த விஜயன், மோகனா. தினம் கொஞ்சம் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, போய்வந்து கடனை அடைத்து, மறுபடி போய் என்று இருபத்தாறு நாடுகளைப் பார்த்தார்கள். 2021இல் ரஷ்யா போய்த் திரும்பிய கொஞ்ச நாளில் விஜயன் காலமானார். படித்தபோது எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. மனசு இருந்தால் போதும், யாரும் உலகம் சுற்றலாம் என்று அதற்கு ஒரு நீதி எழுதினார்கள் பாருங்கள், அங்கேதான் இடித்தது. நம் பக்கத்தில் டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் தொங்கியது. கொட்டாங்கச்சி காலம் போய் தனி கிளாஸ், தனி கிளாஸ் போய் பிளாஸ்டிக் கப். டீக்கடை வைத்து உலகம் சுற்றலாம் என்றால், முதலில் நாம் வைக்கிற டீக்கடையில் ஊர்க்காரன் வந்து டீ குடிக்கவேண்டும் அல்லவா?

பயணத்துக்கு நாலு சாமான் வேண்டும். காசு வேண்டும். நேரம் வேண்டும். நடக்கிற உடம்பு வேண்டும். இந்த மூன்றும் எல்லாருக்கும் வேண்டியது. நாலாவதாக, 'நீ யார்' என்று யாரும் தோண்டிக் கேட்காத வழி வேண்டும். இந்த நாலாவதைப் பற்றிப் பேச, எங்கள் கவுண்டருக்கு வருகிற ஒரு தம்பதியைச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம் வங்கிகளில் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம். 'நான் இன்னும் சாகவில்லை' என்று ஓய்வூதியர்கள் நேரில் வந்து காட்டிவிட்டுப் போவார்கள். அவர் ரயில்வேயில் டிராக்மேனாக இருந்தவர். அந்தக் காலத்தில் கேங்மேன் என்பார்கள். வெயிலில் தண்டவாளத்து ஓரமாகவே நடந்து தேய்ந்த கால். வண்டி வந்தால் ஒதுங்கி நின்று விளக்கைக் காட்டிவிட்டு மறுபடி சம்மட்டி. அவர் சம்சாரம் நடவுக்கும் களைக்கும் போனவர். இப்போது ரயில்வே கொடுக்கிற பாஸில் இருவரும் போகாத திசை இல்லை. "முப்பத்தஞ்சு வருசம் வண்டிய வெளிய நின்னு பாத்தேன் தம்பி. இப்பத்தான் உள்ள இருந்து தண்டவாளத்தப் பாக்கறேன்" என்றார்.

எந்த ஊர் பிடித்தது என்று கேட்டேன். டெல்லி என்றார். செங்கோட்டையா, தாஜ்மகாலா? இல்லை. "ஒரு ரொட்டிக்கடைல போயி பெஞ்சில உக்காந்தேன். என்ன வேணும்னு கேட்டான். அம்புட்டுத்தான். எங்கிட்டு, எந்தத் தெருன்னு கேக்கல." அவர் சம்சாரம் இடையில் புகுந்தார்: "அங்க பேச்சுதான் புரியல. ராமேசுரத்துக்கு நம்ம பக்கத்து ஆளுகளோட டூர் பஸ்ஸுல போனோம் பாருங்க, அங்க எல்லாப் பேச்சும் புரிஞ்சுச்சு. மூணு நாளும் வாயத் தொறக்கப் பயம்."

அந்தப் பேச்சை நம் எல்லாருக்கும் தெரியும். முதல் மணி நேரம் இட்லி, சட்னி, இருமல் மாத்திரை எல்லாம் பரிமாறிக்கொள்வார்கள். ரெண்டாவது மணி நேரத்தில் ஆரம்பிக்கும். "சொந்த ஊரு எது?" சொன்னால், "அங்க எந்தப் பக்கம்? மந்தைக்கு மேக்கயா, கெழக்கயா?" அதற்கும் மழுப்பினால், "உங்க குலசாமி எது?" குலசாமி பெயரைச் சொன்னால் தீர்ந்தது. அதன்பிறகு இட்லி வராது. யாரும் திட்டமாட்டார்கள். படித்தவர்கள், ரிட்டையர் ஆன ஆபீசர்கள். பக்கத்து சீட்டு அம்மாள் மாத்திரம் சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்வார். தர்மசாலையில் அறை பங்கு போடும்போது கைகாரராக ஒருவர் வந்து, "நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்துக்கங்களேன், வசதியா இருக்கும்" என்பார்.

தோழர்களே, இதைத்தான் நான் யோசிக்கச் சொல்கிறேன். சாதி இந்துவுக்குக் கிட்டத்து ஊர் எளிது, தூரத்து ஊர் கடினம். நமக்குத் தலைகீழ். டெல்லி கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்து ஊர் மந்தை தூரத்தில் இருக்கிறது. எழுமலைப் பக்கம் உத்தப்புரத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே சுவர் கட்டிவைத்தார்கள். 2008 மே 6ஆம் தேதி அரசாங்கம் அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டபோது, வழிவிட்டது பொறுக்காமல் சாதி இந்துக்கள் ஊரைவிட்டே வெளியேறிப் போய் உட்கார்ந்தார்கள். திருமங்கலத்திலிருந்து உத்தப்புரம் ஒரு காலைப்பொழுது பயணம். செருப்போடு தெருவில் நடப்பது, சைக்கிளைவிட்டு இறங்காமல் போவது, மந்தையில் நின்று டீ குடிப்பது, இந்தச் சில அடி தூரத்தைக் கடக்க நம்மவர்கள் பட்ட பாட்டுக்கு இமயமலை ஏறிவிடலாம். ஓய்வு பெற்ற தலித் தூரமாகப் போவதில் ஆடம்பரம் மட்டும் இல்லை. அவன் தன்னைத் தெரியாத இடத்தைத் தேடிப் போகிறான்.

அப்படி மறைத்துக்கொண்டு போவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அம்பேத்கரும் சொல்லாமல்தான் கிளம்பினார். அறுபத்தைந்து வயதில் கிழவியை வழியில் சண்டைக்கு நிற்கச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு தெரு ஆட்கள் இருபது பேர் சேர்ந்து போனால் எவனும் குலசாமி கேட்கமாட்டான். கேட்டாலும் உரக்கச் சொல்லலாம். இதை யார் ஏற்பாடு செய்வது? இங்கேதான் இயக்கம் வரவேண்டும். பிறகு சொல்கிறேன்.

*

முதலில் மற்ற மூன்று சாமான்களைப் பார்த்துவிடுவோம்.

உடம்பு. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் உயர்சாதிப் பெண்ணைக் காட்டிலும் தலித் பெண் சராசரியாக 14.6 ஆண்டு முன்னாலேயே செத்துப்போகிறாள் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள். ஓய்வுபெறும் வயது அறுபது என்று சட்டம் எழுதுகிறவன் எந்த உடம்பை நினைத்து எழுதினான்? கேங்மேனுக்கு முட்டி போகிறது. துப்புரவுத் தொழிலாளிக்கு நுரையீரல் போகிறது. ஓய்வு வருவதற்கு முன்னால் ஆள் போய்விடுகிறது. டூர் கிளம்புகிற நம் தம்பதிகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள், கிளம்பமுடியாமல் போன ஜோடிகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நேரம். வீட்டுப் பெண்ணுக்கு ரிட்டையர்மெண்ட் ஏது? புருசனுக்கு அறுபதில் மாலை போட்டு வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். அவளுக்கு மறுநாளும் அதே உலை. டூர் போனாலும் முதல் நாள் ராத்திரி முழிச்சிருந்து புளிச்சோறு கிண்டுகிறவள் அவள். வண்டியில் பொட்டலம் பிரிப்பவள் அவள். அவளுக்கு மெய்யான ஓய்வுப் பயணம் எதுவென்றால் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்வேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிழவிகள் மூணு பேர் நாலு பேர் சேர்ந்து, கோயில் நாளும் இல்லாமல், ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லாமல், திருப்பரங்குன்றம் வரை போய் மலையடிவாரத்தில் உட்கார்ந்து வெத்திலை போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். "எதுக்கு ஆத்தா போனீக?" என்றால், "சும்மாதான்" என்கிறார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாகச் சோலிக்கு மட்டுமே நடந்த சாதியின் வாயிலிருந்து இந்தச் 'சும்மா' வந்திருக்கிறது. இதை 'ஓசி' என்று நக்கலடிக்கிறவன் எவனும் நம்மவன் இல்லை.

காசு. இதுதான் தலையாயது. டூர் போகிற நம் தம்பதிகள் யார்? பெரும்பாலும் ரயில்வே, மின்வாரியம், பள்ளிக்கூடம், வங்கி என்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆயுள் முழுக்க மாதாமாதம் உறுதியான ஓய்வூதியம், செத்தால் பெண்டாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம். அந்த உறுதிதான் கிழவிக்கு டிக்கெட் எடுக்கிற தைரியத்தைக் கொடுக்கிறது. அந்த உறுதியை எப்படி உருவினார்கள் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2003 ஏப்ரல் 1. மத்திய அரசு ஊழியருக்கு 2004 ஜனவரி 1. வங்கி ஊழியருக்கு 2010 ஏப்ரல் 1. இந்தத் தேதிகளுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் பிடித்துச் சந்தையில் போடு, கடைசியில் கிடைப்பதை வாங்கிக்கொள் என்றார்கள். நானும் 2010க்குப் பிந்தியவன். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஒட்டுப்போட்டுப் புதுப்புதுத் திட்டம் அறிவித்தார்கள். பிடுங்கியது ஒரே உத்தரவில். திருப்பித் தருவதென்றால் கமிட்டி மேல் கமிட்டி.

இந்தத் தேதிகளையும் நம் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மண்டலுக்குப் பிறகு, பின்னடைவுக் காலியிடங்களுக்காகப் போராடி, முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக நாம் கூட்டமாக வாசலுக்கு வந்த நேரம் அது. நாம் உள்ளே நுழையும்போது அவர்கள் விளக்கை அணைத்தார்கள். அதற்கும் கீழே போனால் வேலையே இல்லை, ஒப்பந்தம்தான். துப்புரவுப் பணி கம்பெனிக்குப் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன்னால் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலுமாய் உட்கார்ந்தது இதற்குத்தான். நடுராத்திரியில் போலீசை விட்டு அவர்களைத் தூக்கினார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். தலைமுறை தலைமுறையாக ஊர்க் குப்பையை அள்ளியவர்களுக்கு, ஓய்வூதியம் உள்ள வேலையாக அது மாறிக் கொஞ்ச காலம்தான் ஆயிற்று. உடனே தனியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு முதுமையில் மிஞ்சுவது அரசு கொடுக்கும் முதியோர் உதவித்தொகை. 2023இல் அதை ஆயிரத்திலிருந்து 1,200 ஆக்கினார்கள். அதில் எந்த ஊருக்குப் போவது?

ரயிலிலும் கை வைத்தார்கள். அறுபது வயது ஆணுக்குக் கட்டணத்தில் நாற்பது சதவீதம், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஐம்பது சதவீதம் என்று சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய், வண்டியெல்லாம் ஓட ஆரம்பித்து, வந்தே பாரத்துக்குக் கொடியசைத்த பிறகும் அந்தச் சலுகை திரும்பவில்லை.

*

ஓய்வு என்ற சொல்லே சிலருக்கு வெளியேற்றம் என்று அர்த்தமாகிறது. மாஞ்சோலையைப் பாருங்கள். பச்சை, பனி, மேகம் என்று போட்டோ எடுக்கப் போகிறோம். ஐந்து தலைமுறையாக அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களில் பெரும்பாலானவர்கள் தலித்துகள். 1999இல் அவர்கள் கூலி கேட்டுத் திருநெல்வேலிக்கு இறங்கி வந்தபோது, ஜூலை 23ஆம் தேதி தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். கம்பெனியின் குத்தகை 2028இல் முடிகிறது. முடிவதற்கு முன்பே 2024இல் வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று காகிதத்தில் கையெழுத்து வாங்கி, லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சுற்றுலா வருகிறவனுக்கு மேகம். அங்கேயே பிறந்து அங்கேயே கிழவியானவளுக்குப் பொட்டியைக் கட்டு என்ற உத்தரவு. அவளும்தான் பயணம் போகிறாள், மலையிலிருந்து கீழே.

மூணாறும் அப்படித்தான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போன நம் சனங்கள் லைன் வீடுகளில் படுத்திருந்தார்கள். மூணாறு போகிற நம் தம்பதிகள் அந்த இடத்தையும் கேட்டு விசாரித்துப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். அழகான இடங்களின் அடியில் நம் உழைப்பு கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அழகைப் பார்ப்பதில் தவறில்லை.

*

சரி, இயக்கம் என்ன செய்யலாம்?

நன்கொடை ரசீதோடு மட்டும் ஓய்வுபெற்றவர்களின் வீட்டுக்குப் போவதை நிறுத்துவோம். தெருவுக்கு ஒரு பயணக் குழு வைப்போம். நாலு ஜோடி, ஐந்து விதவைகள், பென்சன் இல்லாத ரெண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் என்று சேர்த்து, பென்சன்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, ஒரு வேன் பிடிப்போம். மேலவளவு போவோம். பரமக்குடிக்கு செப்டம்பர் 11 மட்டும் போய்த் தடையுத்தரவுக்கும் செக்போஸ்டுக்கும் நடுவே நிற்காமல், ஒரு சாதாரண நாளில் இம்மானுவேல் சேகரன் சமாதியில் நிதானமாக உட்கார்ந்து வருவோம். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்த வெண்மணிக்குப் போவோம்.

தூரமாகவும் போவோம். மதுரையில் ஏறினால் டெல்லி வண்டி நாக்பூர் வழியாகத்தான் போகிறது. 1956 அக்டோபர் 14இல் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பவுத்தம் தழுவிய தீட்சா பூமி அந்த ஊரில் இருக்கிறது. நம் கிழவர்கள் எத்தனை பேர் அந்த ஸ்டேசனில் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு இறங்காமலே போயிருக்கிறார்கள்! காசிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். போனால் படித்துறையில் பிணம் எரிக்கிற டோம் சாதிக்காரனிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவன் பாசை புரியாவிட்டாலும் அவன் சோலி நமக்குப் புரியும். பத்துக் கிலோமீட்டரில் புத்தர் முதல் போதனை செய்த சாரநாத் இருக்கிறது. காசியின் ஓரத்திலேயே சீர் கோவர்த்தன்பூர், செருப்புத் தைத்த ரவிதாஸ் பிறந்த ஊர். பஞ்சாபிலிருந்து தலித்துகள் ரயில் ரயிலாக அங்கே வருகிறார்கள். ரவிதாஸ் ஒரு நகரத்தைக் கனவு கண்டார். பேகம்புரா, துயரமில்லாத ஊர். அங்கே வரி இல்லை, பயம் இல்லை. முக்கியமாக, அங்கே யாரும் விருப்பப்பட்ட இடத்தில் உலாவலாம், தடுக்க ஆள் இல்லை. ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு சக்கிலியக் கவிஞன் விடுதலை என்றால் என்ன என்று யோசித்தபோது அவனுக்குத் தோன்றியது ஊர் சுற்றுவது.

அதற்காக எல்லாப் பயணத்தையும் நினைவஞ்சலிக் கூட்டம் ஆக்கிவிடவேண்டாம். கிழவிக்குக் குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நிற்க ஆசை என்றால் குற்றாலமே போகட்டும். அங்கே போயும் வரலாறு சொல்லி அவளை உட்காரவைக்காதீர்கள். அருவிக்குக் கீழே நிற்கிறவளுக்கு அரசியல் வகுப்பு தேவையில்லை. அவள் நிற்பதே போதும்.

ஆனால் அவள் போய்வரக் காசு வேண்டும். உறுதியான ஓய்வூதியம், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஓய்வூதியம், ரயிலில் முதியோர் சலுகை, இந்த மூன்றையும் சம்பளக்காரர்களின் சங்கக் கோரிக்கை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இனி நம் மாநாட்டுத் தீர்மானங்களில் அவை வரவேண்டும். டூர் போகிற கடைசித் தலைமுறை நம் அப்பன் ஆத்தாளாக இருக்கக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் யாராவது இந்த ஆண்டு ஓய்வுபெற்றால், எங்கே போக ஆசை என்று கேளுங்கள். அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பா சொல்வதைத்தான் அவளும் சொல்வாள், ரெண்டாம் தடவையும் கேளுங்கள். அறுபது நாளைக்கு முன்னாலேயே டிக்கெட் போடுங்கள். கீழ் பெர்த் கேளுங்கள். சன்னலோரம் அம்மா உட்காரட்டும். எதற்குப் போகிறீர்கள் என்று தெருவில் எவனாவது கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

சும்மா.